ஷிஃப்டிங் சார்

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். மெட்ரோ வாட்டர் வருமா, போர் தண்ணி உப்புக் கரிக்குமா, ஈபிக்குத் தனி மீட்டர் உண்டா என்று விசாரிப்பார்கள். ஷிஃப்டிங் சார் தெருமுனையிலேயே நின்றுவிடுவார். அண்ணாந்து, கம்பத்தில் தொங்கும் கறுப்புக் கேபிள் சுருள்களை ஆராய்வார். "வீடு இங்க இருக்கு சார்" என்று ஓனரம்மா மாடியிலிருந்து குரல் கொடுத்தால், "இருக்கட்டும்மா, ஃபைபர் எங்கேர்ந்து இறங்குதுன்னு பார்க்கறேன்" என்பார். வாசல் கிழக்குப் பார்த்ததா என்பது அவர் மனைவியின் கவலை. ஜன்னல் பக்கம் ஓட்டை போட ஓனர் சம்மதிப்பாரா என்பது அவர் கவலை.

அரசாங்கக் கணக்கில் 2 எம்பிபிஎஸ் வேகம் வந்தாலே அது பிராட்பேண்ட். 2023 வரை 512 கேபிபிஎஸ்ஸே போதுமானதாக இருந்தது. சாருக்கு 300 வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவர் பார்ப்பதெல்லாம் மிளகுக் குழம்பு வீடியோவும், ஒன்றுவிட்ட சித்தப்பா அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங்கும்தான்.

அவருடைய துயரம் கணக்கில் இருக்கிறது. நம் ஊரில் வாடகை அக்ரிமென்ட் 11 மாதம். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவுக்கு அஞ்சி எல்லாரும் 11-இல் நிறுத்திக்கொண்டார்கள். (தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய் என்கிறது. பழக்கம் கேட்டால்தானே!) நெட் கம்பெனிக்காரர்களோ 12 மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். இலவசம் என்று காதில் விழுந்ததும் சார் 18 சதவீத ஜிஎஸ்டியோடு கட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஆக, வீடு 11-இல் முடியும், நெட் 13-இல் முடியும். நடுவில் கிடக்கும் இரண்டு மாதம்தான் சாரின் வாழ்க்கைப் போராட்டம்.

ஓனர் காலி செய்யச் சொன்னால் பையனுக்குப் பரீட்சை என்பார். பையன் எல்கேஜி. அதுவும் எடுபடவில்லையென்றால் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பார். மற்ற நாளில் ராகு காலத்தையே மதிக்காத மனுஷன், பிளானில் நாள் பாக்கியிருந்தால் ஆடியில் பால் காய்ச்சுவது மகா பாவம் என்று உபன்யாசம் செய்வார். வாடகையில் இரண்டாயிரம் ஏற்றிக் கேட்டால்கூட முனகாமல் கொடுப்பார். மாதம் எழுநூறு ரூபாய் நெட்டை அநாதையாக விட்டுப்போக மட்டும் மனசு வராது.

எப்படியும் ஒருநாள் கிளம்பித்தானே ஆகவேண்டும்? கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார்.

"சாரி சார், அந்த லொகேஷன்ல ஃபீசிபிலிட்டி இல்ல."

"எதிர் வீட்டுல உங்க பெட்டிதாம்மா மினுக்கிட்டிருக்கு!"

"அது வேற ஃபிரான்சைஸ் சார்."

"அப்ப மிச்சப் பணத்தைக் கொடுங்க."

"பிளானுக்கு ரீஃபண்ட் கிடையாது சார். ரூட்டர் டெபாசிட் மட்டும் வரும். அடாப்டரோட ஒப்படைக்கணும்."

அடாப்டர் எந்த அட்டைப்பெட்டிக்குள் போனது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். சார் கனெக்‌ஷனை வெட்டச் சொல்லுவார். உடனே அந்தப் பெண்ணின் குரலில் தேன் சுரக்கும். "போகாதீங்க சார், உங்களுக்காக ஸ்பெஷலா இன்னும் ரெண்டு மாசம் ஃப்ரீ!" எந்த வீட்டில்? காலி செய்யப்போகிற அதே வீட்டில். கூச்சமில்லாமல் சொல்கிறேன், சார் ஒரு நிமிடம் சபலப்படுவார்.

வீடு மாறும் நாளில் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் லாரியில் எப்படி வேண்டுமானாலும் உருண்டு வரலாம். ரூட்டர் மட்டும் ஈரிழைத் துண்டில் சுற்றி அவர் மடியில் வரும். புது வீட்டுக்குள் சாமி படம், உப்பு, மஞ்சள் நுழைந்ததும் நாலாவதாக அது நுழையும். மனைவி பால் பொங்குகிறதா என்று பார்ப்பார். இவர் பார்வை பெட்டியில் சிவப்பாக எரியும் எல்ஓஎஸ் விளக்கின் மேல். டெக்னீஷியன் பையன் ஃபைபரை ஒட்டவைத்து, பவர் மீட்டரைச் செருகி, "மைனஸ் பத்தொன்பது காட்டுது சார்" என்பான். சர்க்கரை அளவைக் கேட்ட நோயாளி மாதிரி, "நல்லதா தம்பி?" என்று கேட்பார். நல்லதுதான் என்று அவன் சொன்ன பிறகு பால் சாப்பிடுவார்.

அனுபவம் அவருக்கு ஒரு சூட்சுமம் கற்றுக்கொடுத்திருக்கிறது. ஷிஃப்டிங்குக்குக் காசு கேட்பார்கள், புது வாடிக்கையாளருக்கோ இன்ஸ்டலேஷன் இலவசம். அதனால் போரூர் வீட்டில் அவர் பெயர், மடிப்பாக்கத்தில் மனைவி பெயர், ஆவடியில் மைத்துனன் பெயர் என்று போய், இந்தத் தடவை திருவாரூர்ப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அம்மாவின் பெயர். ஓடிபி அம்மாவின் போனுக்குத்தான் போகும். டெக்னீஷியன் வாசலில் நிற்கிறான், நெட்டே இல்லாத வீட்டில் சார் மொட்டை மாடிக்கு ஓடி, சிக்னல் பிடித்துக் கத்துகிறார்.

"அம்மா, மெசேஜ் வந்துதா? அதுல இருக்கிற நம்பரைப் படி."

"வந்துது, வந்துது. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே?"

"எனக்குச் சொல்லலாம்மா!"

"அப்படித்தான் கேப்பாங்கன்னு டிவியில சொன்னான். நீ யாருப்பா பேசறது?"