ஐவர் சொன்னால் சரி

ஓசூர் சிப்காட்டில் ஆளெடுக்கும் முறை இன்னும் கற்காலத்திலேயே நிற்கிறது. எழுத்துத் தேர்வு, நேர்காணல், மருத்துவச் சோதனை என்று ஐடிஐ முடித்த பையனை ஜூஜூவாடிக்கும் பேகேப்பள்ளிக்கும் அலையவிடுகிறார்கள். தில்லியைப் பார்த்தாவது திருந்தக் கூடாதா? அங்கே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் நால்வரும் கூடி, அடுத்த நீதிபதி யார் என்று தாங்களே முடிவுசெய்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 124ஆம் பிரிவில் கொலீஜியம் என்னும் இந்த ஐவர் குழு கிடையாது. 1993, 1998 தீர்ப்புகள்தாம் அதைப் பெற்றெடுத்து வளர்த்தன. தற்சார்பு என்றால் இதுவல்லவா!

ஆகவே ஒவ்வொரு ஆலையிலும் மூத்த ஃபிட்டர்கள் ஐவர் புது ஃபிட்டர்களைப் பொறுக்கட்டும். சொந்தக்காரப் பிள்ளைகளே நுழைவார்கள் என்பார்கள். வெர்னியர் காலிப்பரைப் பிடிக்கிற விரல் எந்த வீட்டில் பிறக்கும் என்பது இன்னொரு ஃபிட்டருக்குத்தானே தெரியும்? முதலாளி தனக்கும் ஒரு நாற்காலி கேட்டால் முன்னுதாரணம் இருக்கிறது. நாடாளுமன்றம் 2014இல் அரசுக்கும் இடம் தரும் நீதிபதிகள் நியமன ஆணையத்துக்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2015 அக்டோபர் 16 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் அது செல்லாது என்றார்கள். நீதிபதி செலமேஸ்வர் மட்டும் ஒத்துவரவில்லை. எந்த ஷிஃப்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

ஐவர் மறுபடி வலியுறுத்திய பெயரை முதலாளி ஏற்றே தீரவேண்டும். எத்தனை நாளுக்குள் என்பதைத்தான் எவரும் எழுதிவைக்கவில்லை. அவர் பட்டியலை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். மெஷின் நிற்கக்கூடாதே; கெலமங்கலத்திலிருந்து கான்ட்ராக்டரின் வேன் புறப்பட்டுவிட்டது.