முத்திரை சொல்வதும் மீன் சொல்லாததும்

கேள்வி: கொழும்பில் கடல் வண்ணமீன் பார்த்தேன். "பவளப்பாறைக்குக் கேடில்லாமல் பிடித்தது, சர்டிபிகேட் இருக்கிறது" என்றார் கடைக்காரர். நம்பலாமா? – ஒரு வாசகி, கலவான

பதில்: காட்டச் சொல்லுங்கள். மீனுக்கு நோயில்லை என்ற சுகாதாரச் சான்றையும் வியாபார அனுமதியையும் நீட்டினால் ஏமாறாதீர்கள். மீன் எப்படிப் பிடிபட்டது என்பதை அந்த இரண்டும் சொல்லாது.

கேள்வி: அதைச் சொல்லும் சான்றிதழ் எங்கேயும் இல்லையா?

பதில்: இருந்தது. 1998-இல் மரைன் அக்குவேரியம் கவுன்சில் என்ற சர்வதேச அமைப்பு தொடங்கி, 2001-இல் விதிகளை வெளியிட்டது. பிடிக்கும் கடற்பகுதி முதல் விற்கும் கடை வரை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சான்று. ஒவ்வொரு கட்டத்திலும் வந்திறங்கும்போது செத்துக் கிடப்பவை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. அருமையான விதிகள்தான். ஆனால் ஏற்றுமதிக்காரர் ஒரே ஓர்டரில் பல வகை மீன் கேட்பார். சான்று பெற்ற சில கிராமங்களால் அவ்வளவையும் கொடுக்க முடியவில்லை. விஷம் வைத்துப் பிடிப்பதை விட்டு வலைக்கு மாறிய சுழியோடிக்குக் கரையில் கிடைத்த விலையும் அந்தப் பாட்டுக்கு ஈடாகவில்லை. இன்று அந்த அமைப்பே இல்லை.

கேள்வி: விஷம் வைத்துப் பிடித்த மீனைப் பார்த்தால் தெரியாதா?

பதில்: தெரியாது. எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான். பிலிப்பீன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சுழியோடி பிளாஸ்டிக் போத்தலில் சயனைட் கரைசலைக் கொண்டுபோய்ப் பவளத்தின் இடுக்கில் பீய்ச்சுவார். மயங்கிய மீனைக் கையாலேயே எடுத்துவிடலாம். நல்ல நீரில் விட்டதும் அது தெளிந்து பளபளவென்று நீந்தும். சில வாரத்தில் உங்கள் தொட்டியில் செத்தால், தண்ணீர் சரியில்லை என்று உங்களையே நொந்துகொள்வீர்கள். பீய்ச்சிய இடத்துப் பவளமும் பிழைப்பதில்லை.

1990களில் பிலிப்பீன்ஸ் ஆய்வுகூடங்கள் பல்லாயிரம் மீன்களைச் சோதித்தன. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 2012-இல் போர்த்துக்கல் ஆய்வாளர்கள், மீனைக் கொல்லாமல் தொட்டி நீரை மட்டும் சோதிக்கும் முறையொன்றை அறிவித்தார்கள். மற்ற ஆய்வுகூடங்களில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றுக்குக் கொடுக்கும் சான்றிதழ் வெறும் வாய்வார்த்தைதான்.

கேள்வி: இலங்கையில் சயனைட் இல்லையே?

பதில்: இங்கே பேச்சு மொக்சி வலையைப் பற்றியது. பவளத்தின் மேல் வலையைப் போர்த்தி, உள்ளே ஒளியும் மீன் வெளியே வர அலவாங்கால் பவளத்தை உடைப்பார்கள். சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் கரையில் நிற்கும் அதிகாரிக்குக் கடலடி தெரியாது.

கேள்வி: தேயிலைப் பெட்டியில், தோட்டம் சான்று பெற்றது என்று காட்டும் தவளைச் சின்னம் இருக்கிறது. மீனுக்கு ஏன் முடியவில்லை?

பதில்: தோட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மலையையும் லயத்தையும் தொழிற்சாலையையும் ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கலாம். அங்கேயும் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால், மருந்தடிப்பவர் கையில் அன்றைக்கு மட்டும் கையுறை ஏறலாம். கடல்மீனோ சுழியோடி, ஊர்த் தரகர், ஏற்றுமதிக்காரர், இறக்குமதிக்காரர், கடை என்று கை மாறுகிறது. தரகரின் தொட்டியிலேயே வலை மீனும் விஷ மீனும் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சுழியோடிக்கொரு தொட்டி, சொல்லாமல் வரும் ஆய்வாளர், சோதிக்கப்படுபவரிடம் சம்பளம் வாங்காத ஆய்வாளர்: இந்த மூன்றும் வரும்வரை முத்திரைக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பிள்ளைகள் மீன் கேட்கிறார்கள். சிங்கராஜப் பக்கத்து ஓடையில் பிடித்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சிங்கராஜ 1988 முதல் உலக மரபுரிமை வனம். நம் ஈரவலய ஓடைகளில் வாழும் புலத் ஹபயாவின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் வெற்றிலை போட்டது போல் முகம் சிவந்து நிற்கும். அது இலங்கைக்கே உரிய இனம். கேகாலையின் கலபிட்டமடவில் இருக்கும் பந்துல மீனின் நிலை இன்னும் மோசம். 1991-இல்தான் விஞ்ஞானம் பெயரிட்டது, இப்போது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

செரி பார்ப் என்று கடையில் விற்கும் சிவப்பு மீனும் நம் ஓடை மீன்தான். ஆனால் பல்லாண்டுகளாகப் பண்ணைகளில் பெருகுகிறது, அதை வாங்குங்கள். கடல்மீன்தான் வேண்டுமென்றால், பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கிடைக்கும். "பண்ணையில் பொரித்தது" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.