புத்தூர்ப்பாளையம்: ஓர் இணைப்புத் திட்டம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 11 கிலோமீட்டர். ஒரே மலை, ஒரே மதுரை–கொல்லம் சாலை, ஒரே வெயில். இதற்கு எதற்கு இரண்டு நகராட்சி, இரண்டு பஸ் ஸ்டாண்டு, இரண்டு எம்.எல்.ஏ.? பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று, கிளம்பி, வேகம் பிடிக்கிறதுக்குள் ராஜபாளையத்தில் மறுபடி நிற்கிறது. பிரேக் கட்டை தேயாதா? தேசத்தின் சொத்தல்லவா அது?

ஆகவே இரண்டு ஊரையும் இணைத்துவிடலாம் என்று பணிவோடு முன்மொழிகிறேன். யோசனை என் மண்டையில் உதித்ததில்லை. லண்டன் சரக்கு. டெல்லியில் ஏற்கெனவே ஓட்டிப் பார்த்து, நன்றாக ஓடுகிறது என்று சான்றிதழும் கொடுத்தாகிவிட்டது.

லண்டன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிபிசிக்கு இரண்டு செய்தித் தொலைக்காட்சிகள் இருந்தன. பிரிட்டன்காரர்கள் வீட்டுக்கு வீடு கட்டும் உரிமக் கட்டணத்தில் ஓடியது 'பிபிசி நியூஸ்'. மற்ற நாட்டாருக்காக விளம்பரத்திலும் சந்தாவிலும் ஓடியது 'பிபிசி வேர்ல்டு நியூஸ்'. 2022 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு, உரிமக் கட்டணம் இரண்டு வருஷத்துக்கு 159 பவுண்டுதான், ஒரு பைசா ஏறாது என்று சொல்லிவிட்டது. விலைவாசிக்கு மட்டும் அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அது ஏறிக்கொண்டே இருந்தது. அதே ஆண்டு மே மாதம் பிபிசியின் அன்றைய தலைமை இயக்குநர் டிம் டேவி, இரண்டு சேனலும் ஒன்றாகும் என்று அறிவித்தார். ஜூலையில் கணக்கு வந்தது: லண்டனில் 70 பேர் வரை வேலை இழப்பார்கள். 2023 ஏப்ரல் 3 அன்று முகூர்த்தம் முடிந்தது.

பெயர் சூட்டியதைத்தான் பாராட்ட வேண்டும். 'பிபிசி நியூஸ்', 'பிபிசி வேர்ல்டு நியூஸ்' இரண்டும் சேர்ந்தால் என்ன பெயர்? 'பிபிசி நியூஸ்'. எந்தச் சொல் காணாமல் போனது என்று பாருங்கள். வேர்ல்டு. இருந்ததிலேயே பெரிய சாமான் அதுதான். உலகத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் வீட்டில் இடம் தாராளம்.

அதே முறையில் நம் ஊர்களுக்கும் பெயர் வைத்துப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் 'ஸ்ரீவில்லி' அதிகப்படி. ராஜபாளையத்தில் 'ராஜ' அதிகப்படி. ராஜாக்களுக்கு மானியம் நிறுத்தியே அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. கழித்தால் மிஞ்சுவது 'புத்தூர்ப்பாளையம்'. திருமகளும் போனாள், ராஜாவும் போனார். போர்டு எழுதுகிறவருக்குப் பெயிண்ட் மிச்சம்.

அடுத்தது நேர்காணல். லண்டனில், இருபது வருஷம் முகம் காட்டியவர்கள்கூட, குறைந்துபோன நாற்காலிகளுக்காக மறுபடி வரிசையில் நின்றார்கள். மார்ட்டீன் குரோக்ஸால் உள்ளிட்ட நான்கு பெண் செய்தி வாசிப்பாளர்கள், யாருக்கு வேலை என்று முன்பே முடிவு செய்துவிட்டு எங்களை ஒப்புக்கு உட்கார வைத்தார்கள் என்று தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். இல்லவே இல்லை என்றது பிபிசி. 2025-இல், பிபிசி தவறை ஒப்புக்கொள்ளாமலே, விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

நம்மிடமும் நேர்காணலுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று ராஜபாளையம் நாய். 2005-இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட கௌரவம் உடையது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, எசமான் ஒருவனுக்கே விசுவாசம், முன்பின் தெரியாத யார் வந்தாலும் குரைப்பு. இந்த இனத்தில் பல குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. எதிரில் இருப்பவர் சொல்வது எதுவும் காதில் விழாது, ஆனால் தொண்டை மட்டும் கணீரென்று இருக்கும், எசமானைக் கண்டால் வால் தானாக ஆடும். ராத்திரி ஒன்பது மணி விவாத நிகழ்ச்சி நடத்த இதைவிடத் தகுதியான ஜீவன் உலகத்தில் உண்டா?

மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளி. மாதுளம்பூ மூக்கு, பச்சை இலை உடம்பு. ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள். நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது. இதில்தான் தகராறு. இருபத்து நான்கு மணி நேர சேனலுக்குத் தேவை, காலையில் சொன்னதையே நள்ளிரவு வரை சொல்லும் கிளி. தினம் புதிதாகப் பிறக்கும் கிளிக்குச் செலவு அதிகம். தவிர, அது வாயே திறக்காமல் தூது போகும் கிளி. சத்தம் இல்லாத தூதுக்கு விளம்பரம் யார் கொடுப்பார்? கிளிக்கு வேலை இல்லை. நாய்க்கு வேலை உறுதி.

தொழில்களையும் இணைத்தாக வேண்டும். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. புண்ணை மூட ஒரு துணி, வாயை மூட ஓர் இனிப்பு. இரண்டும் ஒரே நிறுவனத்தில் கிடைத்தால் அதற்குத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் என்று பெயர் வைத்துவிடலாம்.

ஆனால் பால்கோவா கிண்டுகிற அண்ணாச்சியிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னபோது அவர் கரண்டியை நிறுத்தவே இல்லை. "சுண்டக் காய்ச்சுறது தப்பில்ல தம்பி. ஆனா போறது தண்ணியா பாலான்னு பாக்கணும்லா" என்றார். நிர்வாக மேலாண்மை படித்த ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. லண்டனில் ஆண்டுக்கு 50 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க அடுப்பேற்றினார்கள். ஆவியானது நிருபர்கள். சட்டியில் மிஞ்சியது மேலாளர்கள்.

இனி டெல்லி. மக்களவைக்கு 2006-இலிருந்து ஒரு தொலைக்காட்சி, மாநிலங்களவைக்கு 2011-இலிருந்து ஒன்று. இரண்டையும் கலைத்து 2021 செப்டம்பர் 15 அன்று 'சன்சத் டிவி' ஆக்கினார்கள். செலவு குறையும் என்றார்கள். எது குறைந்தது என்பதை இரண்டு வருஷம் கழித்து ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து அளந்தார். 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மேல் ராகுல் காந்தி 37 நிமிடம் பேசினார். அதில் கேமரா அவர் முகத்தைக் காட்டியது 14 நிமிடம் 37 விநாடி என்று கணக்குச் சொன்னார் காங்கிரசின் ஜெய்ராம் ரமேஷ். மணிப்பூர் பற்றிப் பேசிய பகுதியில் பெரும்பங்கு நேரம் திரையில் இருந்தவர் சபாநாயகராம். அந்தக் கேமராவுக்குக் கழுத்து சுளுக்கு. ராஜபாளையத்திலிருந்து ஒரு கட்டுத் துணி அனுப்பலாம்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் சிரிப்பு வரவில்லை.

'உள்நாட்டுச் சேனலும் சர்வதேசச் சேனலும் இணைப்பு' என்று செய்தி படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான். உள்நாடு என்றால் யாருடைய உள்நாடு?

எங்கள் பக்கத்து டீக்கடையில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ராத்திரி ஒன்பதே காலுக்கு அதன் காதைத் திருகினால், கரகர சத்தத்துக்குள்ளிருந்து லண்டன் தமிழில் பேசும். பிபிசியின் 'தமிழோசை'. 1941-இல் தொடங்கிய அந்தத் தமிழ் ஒலிபரப்புக்குப் பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்து சோ. சிவபாதசுந்தரம். மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளை ஓரம் கட்டியவர்கள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் என்ன, வவுனியாவில் என்ன? ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் செத்துக்கொண்டிருந்தவர்களின் செய்தி, டெல்லி வழியாக வரும்போது பல்லெல்லாம் பிடுங்கப்பட்டு வரும். கொழும்பு வழியாக வராது. லண்டன் வழியாகத்தான் ஓரளவு முழுசாக வரும். பாக் நீரிணையைத் தாண்ட அந்தச் செய்தி தேம்ஸ் நதி வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்த 'வெளிநாட்டு' ஒலிபரப்புதான் உள்நாட்டுச் செய்தி. வீட்டுச் செய்தி.

2017 ஏப்ரல் 30 அன்று, ஏறத்தாழ 76 வயதில், சிற்றலையில் தமிழோசை அடங்கியது. இரண்டு சேனல்களை இணைக்கும் வேலை நடந்த அதே 2022-இல், செப்டம்பர் மாதம், உலக சேவையில் 382 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக பிபிசி அறிவித்தது. வானொலி நிறுத்தப்படும் பத்து மொழிகளின் பட்டியலும் வந்தது. இந்தி, வங்காளம், உருது, அரபு, பாரசீகம் என்று போன பட்டியலில் தமிழும் இருந்தது. இணையத்தில் தமிழ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நல்ல செய்தியும் சில சமயம் தருகிறது. ஆனால் டீக்கடைப் பலகையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டு, அங்கேயே மல்லுக்கட்டிய செய்தி வேறு. பத்துப் பேரும் தனித்தனி போனில் குனிந்து, தனித்தனியாகக் கோபப்பட்டு, தனித்தனியாக மறந்துபோகும் செய்தி வேறு.

இணைந்த சேனலில் ஒரு மாதம் கழித்து, 2023 மே 6 அன்று, மூன்றாம் சார்ல்ஸின் முடிசூட்டு விழா. உலகமே பார்த்தது. அவர்கள் வீட்டு விசேஷம் உலகச் செய்தி. நம் வீட்டு எழவு உள்ளூர்ச் செய்தி. எந்த இணைப்பிலும் ஒரு வீடுதான் மிஞ்சும். கல்யாணத்தில் பெண்ணின் இனிஷியல் மாறுகிற மாதிரி, யார் இனிஷியல் மாறுகிறது என்று பார்த்தால் யார் வீடு மிஞ்சியது என்று தெரிந்துவிடும்.

பெயர் மாற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் மேற்குத் தொடர்ச்சியில் உள்ள ஒரு மலையின் பெயரில் 'பொதிகை' என்று ஒரு தூர்தர்ஷன் சேனல் இருந்தது. 2024 ஜனவரியில் அது 'டிடி தமிழ்' ஆனது. டிடி என்பதைத் தமிழுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். மலைக்காக யார் கேட்கப்போகிறார்கள்? பொதிகையின் பெயர் இப்போது ரயிலில் மட்டும் பாக்கி. அதுவும் இரண்டு ஊரிலும் தனித்தனியாக நிற்பதால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

நம் பக்கம் கேமரா வருவதே இல்லையா? வரும். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாள் பற்றிப் பேசினார். அதை எதிர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அந்த 11 கிலோமீட்டரிலும் அன்றைக்கு வேன்களும் குடைகளும் மைக்குகளும். ஒருவர் பேச்சையும் முழுசாகப் படிக்காதவர்கள் இரவெல்லாம் விவாதித்தார்கள். அதற்கப்புறம் வேன்கள் போய்விட்டன. பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மில்லைப் படம் பிடிக்க எந்த வேனும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் இதே மாவட்டத்தில், சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில், பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். அன்றைக்கும் வேன்கள் வந்தன. புகை அடங்கும் வரை நின்றன. அடுத்த ஆலையில் விதிகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று பார்க்க நின்ற வேன் எது? எங்கள் மாவட்டத்தில் செய்தியாக வேண்டுமானால் ஒன்று கடவுளைப் பற்றிச் சண்டை போட வேண்டும், இல்லாவிட்டால் கருக வேண்டும்.

இணைப்பின் அரசியல் எங்களுக்குப் புதிதும் இல்லை. கலெக்டர் விருதுநகரில். எங்கள் ஓட்டு மட்டும் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியில். அந்தத் தென்காசி 2019-இலிருந்து வேறொரு மாவட்டம். மனுவை எந்தப் பக்கம் எடுத்துப் போனாலும் "அது இங்க இல்ல" என்பார்கள். ஒன்றாக இணைத்தால் பொறுப்பும் ஒன்றாகச் சேரும் என்று நினைப்பவன் இன்னும் எந்த ஆபீஸிலும் மனு கொடுத்துப் பார்க்காதவன்.

இரண்டு சேனல் இருந்தால் ஒன்று சொல்லாததை இன்னொன்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்துக்குத்தான் ஆட்சியில் இருப்பவர்கள் 'வீண் செலவு' என்று பெயர் வைக்கிறார்கள். லண்டனில் கட்டணத்தை முடக்கினால் போதும். மீதியை நிர்வாகமே செய்துகொள்கிறது. டெல்லியில் ஒரு உத்தரவு போதும். நம் பக்கம் அதுகூட வேண்டாம், மறந்தாலே போதும்.

ஆகவே திட்டத்தின் கடைசி ஷரத்துக்கு வருகிறேன். புத்தூர்ப்பாளையம் அமலுக்கு வரும் நாளிலிருந்து, இரண்டு ஊர்க்காரர்களும் அவரவர் வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்க மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இடங்கள் குறைவு. நேர்காணல் உண்டு, யாருக்கு இடம் என்பது முன்பே முடிவாகிவிட்டது. தமிழில் விண்ணப்பிக்கலாம், பதில் வராது. நாய்க்கு நேர்காணல் இல்லை. அதுதான் நேர்காணல் செய்யும்.

தகுதி: விண்ணப்பதாரருக்குச் சொந்தமாகச் செய்தி எதுவும் இருக்கக் கூடாது.