செயற்குழுவின் மேலான சமூகத்துக்கு ஒரு வாளி மனு

பெறுநர்: செயற்குழு, குடியிருப்போர் நலச்சங்கம், பழைய மகாபலிபுரம் சாலை, சென்னை.
அனுப்புநர்: பி பிளாக், மூன்றாம் மாடி.
பொருள்: அடுத்த 20 வருடங்கள் தொடர்பாக.

மனுதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், கார் பார்க்கிங்கில் 14-ஆம் தூணுக்குப் பக்கத்தில் கூரை சொட்டுகிறது என்பதற்காகச் செயற்குழு வைத்த நீல பிளாஸ்டிக் வாளி இத்தோடு நான்கு மழைக்காலம் பார்த்துவிட்டது. சொட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு கரைந்து இறங்கி, விரல் நீளத்துக்கு வெள்ளை ஊசியாகத் தொங்குகிறது. பக்கத்துக் காரின் சொந்தக்காரர் போன பொங்கல் விழா ஃப்ளெக்ஸை எடுத்து வண்டிமேல் போர்த்தியிருக்கிறார். அதில் செயற்குழுவினர் அனைவரும் கைகூப்பிச் சிரிக்கிறார்கள். வாளிக்குத் தப்பிய சொட்டு, குறி தவறாமல் பொருளாளரின் நெற்றியில் விழுகிறது.

செயற்குழுவுக்குத் தொலைநோக்கு கிடையாது என்று வாட்ஸ்அப் குரூப்பில் சிலர் எழுதுவதை மனுதாரர் வன்மையாகக் கண்டிக்கிறார். தொலைநோக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் வரைக்கும் அது பளிச்சென்று தெரிகிறது. "மெயின்டனன்ஸை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை" என்று அங்கே அறிவித்துக் கைதட்டல் வாங்க வேண்டுமே! மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வந்து நிற்கும் என்ற பயமும் சேர்ந்துகொண்டதால், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வருடக்கணக்காக நின்று காட்டுவது செயற்குழுவின் யோக சாதனை. ஆனால் கூரைக்கு ஜிஎஸ்டி தெரியாது. அது பாட்டுக்குச் சொட்டுகிறது.

பில்டர் ஒப்படைத்தபோது கார்பஸ் ஃபண்ட் என்று ஒரு தொகை வந்தது. வட்டியை மட்டும்தான் தொடுவோம் என்று முதல் கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானம். இரண்டாம் வருடம் வட்டியைத் தொட்டார்கள். மூன்றாம் வருடம் முதலும் வட்டியும் கைகோத்துப் போய் நுழைவாயில் வளைவாக எழுந்து நின்றன. ஆக, வளாகத்துக்கு ஃபேஸ்லிஃப்ட் கிடைத்தது. பி பிளாக்கில் லிஃப்ட் இன்னும் அதே லிஃப்ட்தான். மூன்றாம் மாடிப் பொத்தான் கழன்று விழுந்த பள்ளத்தில் பிள்ளைகள் பென்சிலை விட்டு அழுத்துகிறார்கள், பெரியவர்கள் வீட்டுச் சாவியை.

'சிங்கிங் ஃபண்ட்' என்ற சொல்லைச் செயற்குழு நேரடியாக மொழிபெயர்த்து, நிதி மூழ்கிப்போவதுதான் அதன் இலக்கணம் என்று நம்புவதாகத் தெரிகிறது. மகாராஷ்டிராவில் வேறு பொருள் கொள்கிறார்கள். அங்கே கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிப்படி, நிலத்தின் விலையை நீக்கிக் கட்டுமானச் செலவில் வருடத்துக்குக் குறைந்தது 0.25 சதவீதம் தேய்மான நிதிக்குத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். பழுதுபார்க்க இன்னொரு 0.75 சதவீதம். 15 வயதைத் தாண்டிய கட்டடத்துக்கு 5 வருடத்துக்கு ஒருமுறையும், 30-ஐத் தாண்டினால் 3 வருடத்துக்கு ஒருமுறையும் கட்டமைப்புத் தணிக்கை. மும்பைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை போலும்.

கணக்கு ஒன்றும் பிரம்மசூத்திரம் இல்லை. ஒரு லிஃப்டை மாற்ற 24 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம், 20 வருடத்தில் மாற்ற வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய். 200 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 50. ஒரு ஃபில்டர் காபி, கூட ஒரு மெதுவடை. இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, லிஃப்ட் நின்ற அன்று வீட்டுக்கு 12,000 கொடு என்று சுற்றறிக்கை விட்டால், ஏழாம் மாடி மாமி கீழ்வீட்டுக்காரரிடமும் வசூலிக்கச் சொல்வார். "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லையே" என்று கீழ்வீட்டுக்காரர் சொல்வார். இருவரில் ஒருவர் கோர்ட்டுக்குப் போவார்.

வழி சொல்ல யாருமில்லை என்று செயற்குழு வருந்த வேண்டாம். சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், உத்திரமேரூர் அவ்வளவு தூரம்தான். அங்கே முதலாம் பராந்தகன் காலத்தில், 1,100 ஆண்டுக்கு முன், ஊர்ச்சபைக்காரர்கள் கல்லில் வெட்டிவைத்திருப்பது கிட்டத்தட்ட ஒரு சங்க விதிமுறைதான். குடவோலையை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்தோம். குடத்தில் ஓலையைப் போட்டுச் சிறுவனை எடுக்கச் சொன்னார்கள் என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. மீதிதான் விஷயம். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம், தோட்டத்துக்குத் தனியாகத் தோட்ட வாரியம். பதவி ஒரு வருடம். கடந்த 3 வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரவே முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும்.

இந்த விதியைச் சங்கத்துக்கு அப்படியே பொருத்திப் பார்த்தார் மனுதாரர். தலைவர் போனார். செயலாளர் போனார். செயலாளரின் மைத்துனர், அதாவது பொருளாளர், அவரும் போனார். மிஞ்சியது செக்யூரிட்டி.

அந்தக் காலத்து ஊர்கள் ஏரிப்பட்டி என்று நிலமும் ஒதுக்கின. அதன் வருமானம் ஏரியைப் பராமரிக்க. ஏரி வருடா வருடம் தூர்ந்துபோகும், கரை கரையும் என்பது அவர்களுக்குத் தெரியும். உடைந்த பிறகு வீட்டுக்கு வீடு துண்டேந்திப் போவதை ஒரு நிர்வாக முறையாக அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் அந்த நிலம்தான் அன்றைய கார்பஸ். அதை விற்று ஊர் எல்லையில் வளைவு கட்டும் யோசனை யாருக்கும் தோன்றவில்லை.

இனி வருவதைப் பகடியாக எழுத மனுதாரருக்குக் கை வரவில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மயாமிக்கு வடக்கே சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊரில், 1981-இல் கட்டிய 12 மாடி அடுக்ககம் ஒன்று இருந்தது: சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத். நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே நீர்த்தடுப்பு கெட்டு, கான்கிரீட் சேதப்பட்டிருக்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவு யார் தலையில் என்று வருடக்கணக்கில் தகராறு. கையிருப்பு போதவில்லை. கடைசியில் 1.5 கோடி டாலர் அளவுக்கு வேலை என்று முடிவாகி, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, 2021 ஜூலை 1 முதல் கட்டச் சொன்னார்கள். ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின், பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கட்டடத்தின் ஏறக்குறைய பாதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். சேமநிதி வேண்டாம் என்று உரிமையாளர்களே ஓட்டுப்போட்டுத் தள்ளிவைக்க அதுவரை அங்கே சட்டம் இடம் கொடுத்திருந்தது. கட்டமைப்பு சம்பந்தப்பட்ட நிதிக்கு அந்தச் சலுகையை 2022-இல் கொண்டுவந்த சட்டம் எடுத்துவிட்டது.

நம் ஊர்ச் சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருந்தது. கட்டமைப்பில் குறை இருந்தால், வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் சொன்னால் போதும். பில்டர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். 14-ஆம் தூண் சொட்டத் தொடங்கியது நான்காம் வருடம். கிளப் ஹவுஸில் பிறந்தநாள் விழாவுக்குக் கேக் மட்டுமா, பிரியாணியும் உண்டா என்ற விவாதம் முடிய ஒன்றரை வருடம் ஆனது. பில்டருக்குக் கடிதம் போனது ஆறாம் வருடம். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் கட்டடத்தை மறுமேம்பாடு செய்யலாம். ஒருவேளை அதுதான் நீண்டகாலத் திட்டமோ என்னவோ, மனுதாரர் அறியார்.

ஆகவே மனுதாரர் கோருவது: லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், மொட்டைமாடி, பைப் லைன் என்று பொதுச்சொத்து அத்தனைக்கும் எது எந்த வருடம் போட்டது, எப்போது மாற்ற வேண்டும், எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். பொங்கல் கோலப்போட்டி அறிவிப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் இடம் கிடைக்கும். அந்தத் தாளைப் பார்த்து மாதாமாதம் ஒரு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும்.

மனுவைக் கொடுக்க மனுதாரர் படியிறங்கித்தான் வந்தார். லிஃப்ட் இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சங்க அலுவலகம் பூட்டியிருந்ததால் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறார். தாளின் ஓரம் ஈரமாக இருந்தால் மன்னிக்கவும். வாளி நிரம்பி இரண்டு நாளாகிறது. அதையாவது யாரையேனும் விட்டுக் கொட்டச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறார்.