ரேஷன் கார்டில் இல்லாத பாட்டு

1986-ல் திருச்சியில் 'இங்கிலீஷ் பாட்டு கேட்கிறவன்' என்று பேர் வாங்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒரு காலி கேசட்டும் மெஸ் பாக்கியைத் தள்ளிப்போடும் துணிச்சலும் இருந்தால் போதும். என்னிடம் இரண்டும் இருந்தன. எதைக் கேட்பது என்ற அறிவுதான் இல்லை.

அந்த அறிவு பக்கத்து அறையிலிருந்து வந்தது. எந்த ஹாஸ்டலை எடுத்தாலும் கிதார் வைத்திருக்கிற ஒருவன் இருப்பான். அவனுக்கு ஒரே ஒரு பாட்டின் தொடக்கம் மட்டும் வாசிக்கத் தெரியும். அது ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வாகத்தான் இருக்கும். எங்கள் ஆள் அந்தத் தொடக்கத்தை இரண்டு வருஷம் வாசித்தான். அதற்கப்புறம் என்ன வரும் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் மெயின்கார்டு கேட் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடைக்குப் போனேன்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் கடையை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். நீளமான கணக்கு நோட்டில் பாட்டுகளுக்கு நம்பர் போட்டிருக்கும். வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வரவேண்டும். 'மௌன ராகம்' என்றால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இங்கிலீஷ் என்றால் மறுநாளே கிடைக்கும். ரசனையில் சிறுபான்மையாக இருப்பதில் அப்படி ஒரு வசதி.

"அண்ணே, ஈகிள்ஸ் பாட்டு வேணும். ஹிட்டானது எல்லாம்" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. வெளிர்நீல அட்டையில் பறவை மண்டையோடு ஒன்று இருக்கும் இசைத்தட்டை உருவினார். 'தேர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971-1975.' "இதுல எல்லாம் இருக்கு தம்பி. பொறுக்கவே வேணாம்."

மறுநாள் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டேன். ஏ பக்கம் ஐந்து பாட்டு. பான்ஜோ எல்லாம் கேட்டது, பாலைவனத்தில் லாரி ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஹோட்டலைக் காணோம். பி பக்கம் திருப்பினேன். இன்னும் ஐந்து. அங்கும் காணோம். பத்தாவது பாட்டு முடிந்ததும் இதோ வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், போனி எம் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' பாட ஆரம்பித்தார்கள். அதையடுத்து 'ரஸ்புடின்'. அதன் நடுவில் டேப் தீர்ந்தது.

கேசட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். என் ஆத்திரத்தை அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அட்டையை என் முன்னால் வைத்து வருஷத்தின் மேல் விரலை வைத்தார்.

"என்ன போட்டிருக்கு? 71-லேருந்து 75. நீங்க கேக்குற பாட்டு 76 கடைசில வந்தது. 75-ல போட்ட ரேஷன் கார்டுல 76-ல பொறந்த புள்ள பேரு எப்படி தம்பி இருக்கும்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தத் தொகுப்பு 1976 பிப்ரவரியில் வந்தது, 'ஹோட்டல் கலிபோர்னியா' அதே வருஷம் டிசம்பரில். உலகத்துக்கே தெரிந்த அவர்களுடைய பாட்டு, அவர்களுடைய 'மிகப் பெரிய வெற்றிகள்' வெளியானபோது வந்திருக்கவே இல்லை.

"சரிண்ணே, போனி எம் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் முகத்தில் தொழில் கௌரவம் தெரிந்தது. இசைத்தட்டு 43 நிமிஷம், கேசட் 60. பக்கத்துக்கு எட்டு நிமிஷம் மிச்சம். காலி டேப்பை வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுப்பது அவர் அகராதியில் பாதி இட்லியோடு தட்டை வைப்பது போல. அதனால் நிரப்பியிருந்தார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, டேப்பைப் பத்தாவது பாட்டின் முடிவுக்கு ஓட்டினார். ஆறரை நிமிஷ ஹோட்டலைப் போனி எம் தலையிலேயே கட்டினார். காசு வாங்கவில்லை.

இப்படியாக என் கேசட்டில் ஈகிள்ஸின் தொகுப்பு பதினோரு பாட்டு கொண்டதாயிற்று. ஹோட்டலில் கிதார்கள் இரண்டும் பின்னிப் பின்னி மெல்லத் தேய்ந்து மறையும். அறையில் ஒரு நொடி அமைதி நிலவும். உடனே தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் 'ரஸ்புடின்' முண்டம் ஒன்று எழுந்து இரண்டு நிமிஷம் ஆடிவிட்டுச் சட்டென்று சாயும்.

இந்தப் பொக்கிஷத்தோடு நான் மாடியில் உலா வந்தபோதுதான் சீனியர் என்னை மடக்கினார்.

சீனியர் எங்கள் விடுதியின் இசை அறிஞர். அவர் அறைச் சுவரில் ஐந்து இசைத்தட்டு அட்டைகள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். நடுநாயகமாக 'டெஸ்பராடோ', 1973. ஈகிள்ஸ்காரர்கள் பழைய அமெரிக்கக் கொள்ளைக்காரர்கள் மாதிரி துப்பாக்கியும் தோட்டாப் பட்டையுமாக நிற்கும் அட்டை.

"என்னடா கேசட்?"

சொன்னேன்.

"கிரேட்டஸ்ட் ஹிட்ஸா?" அவர் வாயில் அந்தச் சொல் கெட்டுப்போன சாம்பார் மாதிரி ஒலித்தது. "அது கோனார் நோட்ஸ்டா. மூலத்தைப் படிக்காதவன் வாங்குறது."

கோனார் நோட்ஸ் பிறந்த ஊரில் நின்றுகொண்டு அதைப் பழிக்கிற தைரியம் அவருக்கு மட்டும்தான் உண்டு. பிறகு பாடம் எடுத்தார். 'டெஸ்பராடோ' தனித்தனிப் பாட்டு அல்ல, டூலின், டால்டன் என்ற கொள்ளைக் கூட்டத்தாரின் கதையாகக் கோத்த ஒரே மாலை. அதிலிருந்து தலைப்புப் பாட்டை மட்டும் உருவுவது, சிலப்பதிகாரத்திலிருந்து கானல்வரியை மட்டும் கிழித்தெடுப்பது போல.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த சிலப்பதிகாரமே பாடநூலில் கிழித்துக் கொடுத்த சில வரிகள்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் சீனியர் கையை நீட்டினார். "கொடு. ரெக்கார்டிங் எப்படியிருக்குன்னு பாக்குறேன்."

தரப் பரிசோதனை மூன்று வாரம் நடந்தது.

அப்போது எனக்கு உறைக்காத ஒரு விஷயம் பல வருஷம் கழித்துப் பல் தேய்க்கும்போது உறைத்தது. சீனியரிடம் ஐந்து இசைத்தட்டு இருந்தது. ஆனால் எங்கள் விடுதியில் ரெக்கார்ட் பிளேயரே கிடையாது.

*

படித்து முடித்து வேலைக்குப் போய் நாலு காசு பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்தை வாங்கியது. குறுந்தகடுகளாக ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, என் பத்துப் பாட்டும் நான்கு ஆல்பங்களிலிருந்து 3, 2, 2, 3 என்று பங்கு பிரித்து எடுத்தவை. அதிலும் வேடிக்கை, 'டெஸ்பராடோ' பாட்டு ஒருநாளும் தனித்தட்டாக வெளியானதே இல்லை. 'டகீலா சன்ரைஸ்' வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் 64-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆக, மிகப் பெரிய வெற்றிகள் பத்தில் ஒன்று பரீட்சையே எழுதவில்லை, இன்னொன்று எழுதித் தேறவில்லை. தொகுப்பில் சேர்ந்த பிறகுதான் இரண்டும் மேதைகளாயின.

குழுவினருக்கே இந்தத் தொகுப்பைப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. கம்பெனி எடுத்த முடிவு அது. கதையாகக் கோத்த பாட்டுகளைப் பிய்த்தெடுத்ததில் அவர்களில் ஒருவரான டான் ஹென்லிக்கு வருத்தம். அதாவது என் சீனியரும் டான் ஹென்லியும் ஒரே கட்சி. ஆனால் இந்தத் தட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர்களுக்கு ஹோட்டலைக் கட்டிமுடிக்க அவகாசம் கிடைத்தது. நோட்ஸ் விற்ற காசில்தான் மூலம் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட மனிதன் சும்மா இருப்பானா? 'ஒன் ஆஃப் தீஸ் நைட்ஸ்' ஆல்பத்தில் பெர்னி லெடனின் பான்ஜோவில் ஒரு வாத்திய இசை உண்டு, 'ஜர்னி ஆஃப் த சார்சரர்'. பிபிசி வானொலி தன் 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட்' நாடகத்துக்கு அதைத்தான் முகப்பிசையாக வைத்தது. இதைக் கேட்டிருக்கிறாயா என்று எதிரே வந்தவரையெல்லாம் மடக்கினேன். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் "சார், எனக்கும் ஈகிள்ஸ் பிடிக்கும், ஒரு ஹிட்ஸ் சிடி வச்சிருக்கேன்" என்றான். "கோனார் நோட்ஸா?" என்று கேட்டேன். கெட்டுப்போன சாம்பார் என் வாயிலும் அதே பதத்தில்தான் வந்தது.

தண்டனை சீக்கிரமே கிடைத்தது. 1980-ல் பிரிந்தவர்கள் 1994-ல் மறுபடி சேர்ந்து 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்' வெளியிட்டார்கள். மறுபடி எப்போது சேருவீர்கள் என்ற கேள்விக்கு, நரகம் உறைந்தால் என்று ஹென்லி ஒருகாலத்தில் சொன்ன பதிலையே தலைப்பாக்கிவிட்டார்கள். அதில் ஹோட்டல் புது ரூபத்தில் வந்தது, கைத்தட்டலும் தாளமும் முன்னால் வர. அவ்வளவுதான். எந்த ஆடியோ ஷோரூமில் நுழைந்தாலும், "சார், பேஸ் கேளுங்க" என்று அதைத்தான் போட்டார்கள். நான் தேடி அலைந்த பாட்டு ஸ்பீக்கர் விற்கிற விளம்பரமாகிவிட்டது.

*

இப்போது காலம் மாறிவிட்டது. 2018-ல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கம் கணக்குப் பார்த்து, அந்த மண்டையோட்டுத் தொகுப்புக்கு 3.8 கோடி என்று சான்று கொடுத்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' இரண்டாம் இடத்துக்குப் போனது. 'ஹோட்டல் கலிபோர்னியா' ஆல்பம் 2.6 கோடியோடு அதற்கடுத்து நின்றது. மூலத்தை நோட்ஸ் ஜெயித்த கதை திருச்சிக்காரனுக்கு ஆச்சரியமில்லை.

அந்தக் கணக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. இணையத்தில் ஆல்பத்தின் பாட்டுகளை 1,500 தடவை ஓடவிட்டால் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு. என் கேசட் அதற்கு மேலேயே ஓடியிருக்கும். ஆனால் மெயின்கார்டு கேட்டில் பதிந்த கேசட் எந்த நாட்டுக் கணக்கிலும் வராது. வரவும் கூடாது, திருட்டுதானே. உலகிலேயே அதிகம் விற்ற தொகுப்புகளில் ஒன்றை நான் வாங்காமலே தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

சீனியருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் முப்பது வருஷம் தாமதமாகத்தான் தோன்றியது. சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்ததே யாரோ தொகுத்ததால்தானே? குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31. அடிக்கணக்குப் பார்த்துத்தான் பிரித்திருக்கிறார்கள். மிச்சமிருக்கிற எட்டு நிமிஷத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்த என் கடைக்காரர், அந்த மரபில் வந்த கடைசித் தொகுப்பாசிரியர்.

போன மாதம் மகளோடு காரில் போகும்போது அந்தத் தொகுப்பைப் போனில் போட்டேன். பத்துப் பாட்டும் முடிந்தன. நான் நிறுத்துவதற்குள் அதுவாகவே அடுத்த பாட்டுக்குத் தாவியது. 'ஹோட்டல் கலிபோர்னியா'.

"பார்த்தீங்களாப்பா, உங்களுக்கு என்ன வேணும்னு அதுக்கே தெரியுது" என்றாள்.

"இதை ஒரு அண்ணன் 86-லயே பண்ணிட்டாரும்மா. காசுகூட வாங்கலை."

பாட்டு தேய்ந்து முடிந்தது. எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்து வேறு ஏதோ மென்மையான பாட்டு வந்தது. அது தப்பு என்று மகளுக்கு எப்படி விளக்குவது?

விளக்கத் தேவையில்லாத ஒருவரைப் பழைய மாணவர் கூட்டத்தில் சந்தித்தேன். சீனியர் தலை முழுக்க நரைத்து, இடது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். இசைத்தட்டுகள் கரையானுக்குப் போனதாகச் சொன்னார். சாப்பாட்டு மேஜையில் யாரோ போனில் அந்தப் பாட்டை ஓடவிட்டார்கள். கிதார்க்காரன் வழக்கம்போலத் தொடக்கத்துக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் பாயசம் வாங்கப் போய்விட்டான். மூலத்தைப் பற்றி ஏதாவது சொல்லப்போகிறார் என்று சீனியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிதார்கள் தேய்ந்தன. ஒரு நொடி அமைதி. சீனியரின் இரண்டு கைகளும் மேஜை விளிம்பில் தடதடவென்று 'ரஸ்புடி'னை நடுவிலிருந்து எடுத்தன.

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இங்கதானேடா வரும்?"