பெயரற்ற ஜாக்கியின் பூர்வோத்தரம்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில், அக்கரைச் சிலாங்கூரைப் பார்த்தவண்ணம் அமைந்துள்ள தஞ்சோங் மாலிம் பட்டணத்தில், 1922ஆம் ஆண்டு முதற்கொண்டு ஆசிரியர்களை ஆக்கிவரும் சுல்தான் இட்ரிஸ் கலாசாலை ஒரு புறமும், புரோட்டோன் மோட்டார்த் தொழிற்சாலை மற்றொரு புறமும் விளங்கியும், பழைய எண்ணெய் ஜாக்கியின் வம்சாவளியைப் பற்றி இதுகாறும் ஒரு கிரந்தமேனும் எழாமற்போனது வித்வத் உலகத்துக்குப் பெருங்குறையே.

நமது ஆராய்ச்சிக்குரிய ஜாக்கி, சக்கரங்களின்மேல் உருண்டு காரின் அடியில் புகுவதும், பட்டறைகளில் முதலை ஜாக்கி என்று வழங்கப்படுவதும், பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகளையன்றி வேறு சாஸனம் எதையும் தாங்காததுமான ஓர் இரும்புப் பிண்டமாகும். அடைபட்ட திரவத்தின்மீது செலுத்திய அழுத்தம் எத்திசையும் குறையாது பரவும் என்று பாஸ்கல் கண்ட நியதியை 1795இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அழுத்தப் பொறியாக்கினார். 1851இல் நியூயார்க் வாசியான ரிச்சர்டு டட்ஜன் எண்ணெய் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே கோத்திரத்தில் ஐயமில்லை. தகப்பன் பெயர்தான் தெரியவில்லை.

விற்பவரின் வாக்கை ஆப்தவாக்கியமாகக் கொள்ளலாமோ எனில், கூடாது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாட, அதைத் தடுக்கும் நோக்கத்தோடு 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்த அந்தக் காலத்தில், துரை பங்களாவின் கார்க்கொட்டகையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படாத ஜாக்கி இவ்வட்டாரத்தில் ஒன்றுமில்லை. அவ்வளவையும் நம்பினால், அன்றைய துரைமார் ரப்பரை விட்டு ஜாக்கியையே பயிரிட்டிருக்க வேண்டும்.

எஞ்சியிருக்கும் சான்று ஆணியின் மரை. 1841இல் விட்வொர்த் வகுத்த ஆங்கிலேய மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கும் மெட்ரிக் மரைக்கும் 60. மில்லிமீட்டர் ஸ்பானர் எதற்கும் பிடிகொடாத ஆணித்தலையைக் கண்டால் ஆராய்ச்சியாளன் புளகாங்கிதம் அடைவான். ஆயினும், தொலைந்த ஆணிக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை முறுக்கிவிடுவது பட்டறை தர்மமாதலின், ஒருபோதும் கழற்றப்படாத ஆணியே பிரமாணமாகும்; அதைப் பரிசோதிக்கக் கழற்றினாலோ, அந்தக் கணமே அது பிரமாணமாகும் தகுதியை இழந்துவிடுகிறது. இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் காண இயலாமையால் மேலே செல்கிறோம். வர்ணத்தைச் சுரண்டிப் பார்க்கும் ஒரு கட்சியினரும் உளர். பச்சைக்கு அடியில் சிவப்பும் சிவப்புக்கு அடியில் துருவும் தோன்றும், அவ்வளவே.

பம்பின் வயிற்றைத் திறப்பவருக்குத் தோல் வாஷர் கிடைத்தால் ஜாக்கி முதியது. கறுப்பு வளையங்கள் கிடைத்தால் இளையது, அல்லது முதியதற்கு எவரோ செய்த சிகிச்சை. இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை: சுற்றிலும் பால்மரம் சீவியே தலைமுறைகள் பிழைத்த இப்பிரதேசத்தில், ஜாக்கியின் உள்ளே மட்டும் மரத்து ரப்பருக்குப் பிரவேசமில்லை. கனிம எண்ணெய் பட்டால் அது உப்பித் தளர்ந்துவிடுமாதலால், அங்கே செயற்கை ரப்பருக்கே இடம். அவ்விடத்தில் பிரேக் எண்ணெயை ஊற்றும் புண்ணியவான்களோ அதையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இனி மதிப்பீடு. பழைய இரும்புக் கடைக்காரர் கிலோவுக்கு இத்தனை காசு என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளிக்கிறார். உடைமையாளரோ தம் தந்தையார் அந்தக் கைப்பிடியைப் பிடித்த நாட்களையும் சேர்த்து வெள்ளிக் கணக்குப் போடுகிறார். இவ்விரு கரைகளுக்கும் இடையே வாங்குபவர் செய்யத்தக்கது, அந்த ஜாக்கியாலேயே ஒரு காரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, அடியில் எவரும் புகாதபடி பார்த்துக்கொண்டு, அதன் பின்னரே விலை பேசத் தொடங்குவது. தேத்தண்ணீர் வரவழைத்து, துரை பங்களாக் கதையை ஆதியோடந்தமாக மறுபடியும் கேட்டு, பேரத்தை எவ்வளவு நீட்ட இயலுமோ அவ்வளவு நீட்டவேண்டும். கார் இறங்கினால் விலையும் கூடவே இறங்கும். நாழிகை கடந்தும் அது அசையாது நின்றதாயின், விற்பவரும் அதைக் கவனித்துவிட்டு, தமக்கே அது தேவைப்படுவதாகச் சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்.