வேர்முனைக்கு இருக்கிற புத்தி

வாடா பேராண்டி, குந்து. ஓ, குந்த முடியாதுல்ல? சரி, நின்னுக்கினே கேளு. மாமல்லபுரத்துல வெண்ணெய் உருண்டைப் பாறைய முதுகால தாங்குற மாதிரி போட்டோ புடிச்சியே, அதுல வந்த வலின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுறியாம். பாறை மேல ஏன்டா பழி போடுற? நாளெல்லாம் பழைய மகாபலிபுரம் ரோட்டுக் கம்பெனி நாற்காலியில வளைஞ்சி கெடந்தியே, அது யாரு? ஸ்கேன் பாத்த டாக்டர் நரம்பு வேர் அழுந்துதுன்னாரு. நீ, "மனுசனுக்கு ஏது தாத்தா வேரு?"ன்ற. படிச்ச புள்ள!

தண்டுவடத்துலேர்ந்து 31 ஜோடி நரம்பு கெளம்புதுடா. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வேரு. முன்வேர் காலை ஆட்டுன்னு உத்தரவு கொண்டுபோவும், பின்வேர் முள்ளு குத்திச்சின்னு சேதி கொண்டாரும். அந்த வேருங்களும் நூல் நூலா, சல்லிவேராத்தான் தண்டுவடத்துல ஒட்டிக்கினு இருக்குது. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி, கீழ் இடுப்புல ஒரு வேரை அமுத்திச்சின்னு வையி, கத்துறது கால் கட்டைவிரலு!

நீ மதுராந்தகம் ஏரித் தண்ணியில வெளைஞ்ச சோறு தின்னவன்தானே, நெல்லுகிட்டயாவது கத்துக்க. வெதைய ஊறவெச்சி மூட்டம் போட்டா, காத்து படுறதால மொதல்ல வேர் எட்டிப்பாக்கும். அதே வெதை தண்ணியில முங்கியே கெடந்தா குருத்து மட்டும் நீளும், வேர் வராது. வராதுன்னதும் உன் சம்பள உயர்வு ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.

அந்த முளைவேர் நுனி கில்லாடிடா. எது மேலே, எது கீழே, எங்க ஈரம், எங்க கல்லுன்னு தடவித் தடவிப் போவும். 1880-ல டார்வின் அதை ஒரு கீழ்நிலைப் பிராணியோட மூளைக்கே ஒப்பிட்டு எழுதிட்டாரு. நுனிக்குக் கொஞ்சம் பின்னால வேர்த்தூவி. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு செல்லு. 1937-ல டிட்மர்னு அமெரிக்காக்காரரு ரை தானியச் செடி ஒண்ணை நாலு மாசம் வளத்து கணக்குப் போட்டாரு: தூவி மட்டும் சுமார் 1,400 கோடி, நீட்டி வெச்சா 10,000 கிலோமீட்டருக்கு மேல. வேலையத்தவருன்னு நெனைக்காதே, செடி தண்ணி குடிக்க அந்தத் தூவியும் கைகுடுக்குது.

நெல் நாத்தைப் புடுங்கறப்போ வேர்ல நெறைய அறுந்துபோவும். அதான் நட்ட நாத்து துவண்டு நின்னு, புது வேர் வுட்டு, வாரம் பத்து நாள் கழிச்சி பச்சை புடிக்குது. நடவாளு அதைத் தெனமும் இழுத்துப் பாக்கமாட்டா. உன் நரம்பு வேர் வலியும் பெரும்பாலும் சில வாரத்துல தானா அடங்கும். அரைமணிக்கொருதரம் எழுந்து நட, குனிஞ்சி பாரம் தூக்காதே, கண்டவன்கிட்ட முதுகை மிதிக்கக் குடுக்காதே.

இதை மட்டும் கேலின்னு எடுத்துக்காதே. தொடைக்கு நடுவுல மரத்துப்போனாலோ, ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, பாதம் தொங்கினாலோ, எண்ணெய் தேச்சிக்கினு குந்திராதே. அன்னிக்கே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு.